மீசைக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய், இரவு

இந்த நோட்டைக் கையில் எடுத்திருப்பவரே, உங்கள் காலில் விழுகிறேன். மூடிவிடுங்கள். எங்கே எடுத்தீர்களோ அங்கேயே வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் சிநேகிதி மும்தாஜுக்குக் காட்டாதீர்கள், அவள் வாயில் ரகசியம் தங்காது. அம்மாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். என் அம்மா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துவது அவளுக்குப் பல் துலக்குவது மாதிரி. காட்டினால் உங்களுக்கும் குத்தச் சொல்வேன்.

என் பெயர் கு. அங்கயற்கண்ணி. எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு, சின்னமனூர். எனக்குப் பயமாக இருக்கிறது. போன புதன்கிழமை என் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. முதல் தடவை நடந்தபோது நான் இல்லை. இந்தத் தடவை இருந்தேன். பாயசம் நன்றாக இருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மீசை அவ்வளவு பெரியது. அதற்குக் கீழே வாய் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சோறு உள்ளே போகிறது, அதனால் ஏதோ ஒரு ஓட்டை இருக்க வேண்டும். என்னைப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாம். சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

பக்கம் முடிந்துவிட்டது. இதற்குமேல் படிப்பவர்களுக்குக் கண்வலி வரும்.

ஜூன் 4, புதன்

கண்வலி வந்தாலும் பரவாயில்லை என்று படிக்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது. விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் தவமணி. தவமணி சவுண்ட் சர்வீஸ். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிவிப்புச் செய்கிறவர். துணிக்கடைத் தள்ளுபடி, நாளை மின்தடை, கோயில் கும்பாபிஷேகம், காணாமல் போன கறவை மாடு, எல்லாம் அவர் குரல்தான். நான் பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டு வருகிறேன். “வாருங்கள், வாருங்கள்” என்று கூப்பிட்டால் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்கூடச் செருப்பு மாட்டுவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இவ்வளவு ஊமையாக இருப்பார் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அம்மாவும் அவரும் பழகியது லேபில். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். அம்மா ஊசியைக் காட்டியதும் மயங்கி விழுந்துவிட்டாராம். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் போயிருச்சா?” சர்க்கரை இல்லை. அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் இல்லை. அப்போதும் மயங்கினார். ஐந்தாவது தடவை, மயங்குவதற்கு முன்பே தன் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாராம். அதை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். நான் பார்த்துவிட்டேன்.

விசேஷம்: திருமணம். மணமகன்: தவமணி. மணமகள்: நீங்கள் சம்மதித்தால் நீங்கள். ரேடியோ செட்: இலவசம்.

அம்மா என்னிடம் கேட்டாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். “கண்ணி, உனக்குச் சம்மதமா ஆத்தா?” என்றாள். அப்போது என் வாயில் பரோட்டா இருந்தது. தலையாட்டினேன். பரோட்டா நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் ஆட்டினேன்.

என் சொந்த அப்பா குமரேசன் எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எனக்கு அவருடைய பைக்கின் சூடான சீட் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதனால் அப்பா என்ற வார்த்தையை நான் யாரையும் பார்த்துச் சொன்ன ஞாபகமே இல்லை. பழக்கமில்லாத வார்த்தை. வாயில் வைத்துப் பார்த்தால் பல் கட்டிய மாதிரி இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

இன்றும் பேசவில்லை. மீசையைச் சொறிந்துகொண்டார். அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

சாப்பிடும்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தட்டில் தோசை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சட்னிக் கிண்ணம். அவர் என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி மெதுவாக, “ஜெயா, சட்னி வேணுமான்னு பாப்பாட்டக் கேளு” என்றார்.

நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, “சட்னி வேணுமாடி?” என்றாள்.

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து, “வேணாம்” என்றேன்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் என்ன, கோர்ட்டுலயா நிக்கிறீங்க? நான் என்ன டவாலியா? அவுக சட்னிக் கிண்ணத்தப் பாத்துப் பேசுறாக, நீ பல்லியப் பாத்துப் பேசுற.”

அவர் மீசையைத் தடவினார். நான் பல்லியைப் பார்த்தேன். பல்லி போய்விட்டது.

உண்மையில் எனக்குச் சட்னி வேண்டும்.

மாலையில் மும்தாஜ் வந்தாள். அவள் எல்லா சீரியலும் பார்ப்பாள், அதனால் அவளுக்கு உலக அறிவு அதிகம். நான் எல்லாவற்றையும் சொன்னதும் பெருமூச்சு விட்டாள்.

“பேசவே மாட்டேங்கிறாரா?”

“மாட்டேங்கிறார்டி.”

“அப்ப சரிதான். மூணு மாசத்துல உன்னைய ஹாஸ்டல்ல தள்ளிருவாங்க.”

“எதுக்குடி?”

“எதுக்கா? சீரியல்ல எதுக்குன்னா கேக்குறாங்க? புதுசா ஒருத்தர் வந்தா பழைய பிள்ளைய ஹாஸ்டல்ல போடணும். முதல்ல பேச மாட்டாக. அப்புறம் பெட்டி வாங்குவாக. அப்புறம் ஒருநாள் வேன் வரும். நீ அழுதுக்கிட்டே பின்கண்ணாடி வழியாப் பாப்ப. உங்கம்மா வாசல்ல நின்னு சேலைய வாயில வச்சு அழுத்துவாக.”

“எங்கம்மா சுடிதார்தான போடுது.”

“துப்பட்டாவ வச்சு அழுத்துவாக.”

நான் ராத்திரி முழுக்க அம்மா துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்துவதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா இல்லாமல் நான் ஒருநாளும் தூங்கியது இல்லை. இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறேன், அதுவே ஹாஸ்டல் மாதிரிதான் இருக்கிறது. இந்த அறை முழுக்க அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள். ஒயர்கள் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கின்றன. எலி வேறு இருக்கிறது. போன வருடச் சமூக அறிவியல் நோட்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

ஒரே ஒரு நல்ல விஷயம். மூலையில் இருக்கும் பெரிய பெட்டிக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, முன்னால் வட்டமான ஓட்டை மட்டும்தான். பாடாத பெட்டி. அதன் ஓட்டைக்குள்தான் இந்த நோட்டையும் டார்ச்சையும் ஒளித்து வைக்கிறேன். பாடாத பெட்டியை யார் தேடப் போகிறார்கள்?

ஜூன் 11, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

இன்று துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. துவைத்தால் கூழாகிவிடும் என்றுதான் எடுத்தேன். ஒற்று வேலை பார்ப்பதற்காக அல்ல. ஆனால் எடுத்த பிறகு படித்தேன். அவர் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

“பெற்றோர்களே, உங்கள் மகளைப் பற்றிக் கவலையா? இனி அந்தக் கவலை வேண்டாம். நல்விதை உறைவிடப் பள்ளியில் இன்றே சேர்த்திடுங்கள். பாதுகாப்பான விடுதி வசதி உண்டு. வாரம் இருமுறை கறிக்குழம்பு. மாதம் ஒருமுறை மட்டுமே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.”

உங்கள் மகளாம். இன்றேயாம். அதிலும் ‘மகளை’ என்ற வார்த்தைக்கு மேலே சிவப்பு மையில் ‘இழு’ என்று எழுதியிருக்கிறது.

இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டுவிட்டேன். கறிக்குழம்பு வாரம் இருமுறை என்பது மட்டும் ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது. பிறகு அழுதேன்.

ஜூன் 12, வியாழன்

மும்தாஜிடம் சொன்னேன். “நான் சொன்னேன்ல” என்றாள். அவளுக்கு வருத்தமா சந்தோஷமா என்று தெரியவில்லை. இனிப் பெட்டி வரும், பார்த்துக்கொள் என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

பெட்டி வந்துவிட்டது.

தகர டிரங்குப் பெட்டி. பச்சைப் பெயிண்ட். சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறக்கி என் கட்டில் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். மீசை இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தது. பிறகு பூட்டைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், மறுபடி திறந்து காட்டினார், சாவியைப் பெட்டி மேல் வைத்தார், போய்விட்டார்.

மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அழகாக என் பெயர் எழுதியிருக்கிறது. ‘கு. அங்கயற்கண்ணி.’ ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூ.

‘கு’ சரியாகப் போட்டிருக்கிறது. நான் அவரிடம் சொன்னதே இல்லை.

ஆனால் பெட்டியில் பெயர் எழுதுவது எதற்கு? ஹாஸ்டலில் நூறு பெட்டி இருக்கும், மாறிப்போகக் கூடாது என்பதற்குத்தான். அம்மாவிடம், “இது எதுக்கும்மா?” என்று கேட்டேன். “எதுக்கோ, அவுககிட்டயே கேளேன்” என்றாள். வேண்டுமென்றே சொல்கிறாள். அம்மாவும் கூட்டு.

ஜூன் 14, சனி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன், ஏனென்றால்

ஏனென்றால் என் நோட்டு போய்விட்டது!

பள்ளி இல்லை என்பதால் மும்தாஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அறை காலி. எல்லாப் பெட்டியும் போய்விட்டது. பாடாத பெட்டியும் போய்விட்டது. நோட்டு உள்ளே.

“அம்மா! அந்தப் பெரிய பெட்டி எங்க?”

“நாளைக்கு மண்டபத்துல காதுகுத்துடி. அங்க போயிருச்சு.”

“அது பாடாதேம்மா!”

“பாடாட்டி என்ன? நாலு பெட்டி நின்னாத்தான் விசேஷக்காரக மதிப்பாகளாம். மூணு பாடும், ஒண்ணு சும்மா நிக்கும். வீட்டுலயும் அப்படித்தான ஒரு ஆளு இருக்காக” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்கக் கூடும் இடத்தில் என் நோட்டு சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நானும் மும்தாஜும் மண்டபத்துக்குப் போனோம். அழைப்பு கிடையாது. ஆனால் பட்டுப்பாவாடை கட்டியிருந்தால் யாரும் கேட்பதில்லை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். ஒரு அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, “நம்ம சரோசா மகளா? எம்புட்டு வளந்துட்ட” என்றார். ஆமாம் என்றேன். இன்னொருவர் எங்களை இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பிரியாணி சாப்பிட்டோம். மும்தாஜ் வேறு வழியில்லாமல் இரண்டு தடவை சாப்பிட்டாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“தாய்மாமன் சீர் வந்துகொண்டிருக்கிறது! வழி விடுங்கள், வழி விடுங்கள்! ஆட்டுக்கிடாய் முன்னால் வருகிறது, மாமன் பின்னால் வருகிறார், யார் யார் என்று குழம்பிவிட வேண்டாம்!”

மண்டபமே சிரித்தது. எட்டிப் பார்த்தேன். அவர்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதே மீசை, ஆனால் கீழே வாய் இருக்கிறது! பல்கூட இருக்கிறது! குழந்தை அழுதால், “வீரனே, காது உன்னுடையதுதான், கம்மலும் உன்னுடையதுதான், அழுகை மட்டும் எதற்கு?” என்கிறார். “சாம்பார் வாளியோடு போனவர் இன்னும் திரும்பவில்லை, பார்த்தவர்கள் தகவல் தரவும்” என்கிறார். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு ஏனோ கோபம் வந்தது. இவ்வளவு பேச்சையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாரா?

கோபத்தோடு கோபமாக வேலையைப் பார்க்கலாம் என்று பாடாத பெட்டியின் ஓட்டைக்குள் நான் கை விட்டேன். கிடைக்கவில்லை. மும்தாஜும் கை விட்டாள். அவளுக்கும் கிடைக்கவில்லை. டார்ச் மட்டும் இருந்தது. நோட்டு இல்லை!

“ஒரு முக்கிய அறிவிப்பு. மேடைக்கு இடப்புறம் உள்ள ஸ்பீக்கர் பெட்டிக்குள் இரண்டு சிறுமிகள் தோள்வரை கை விட்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் உடனே வந்து...”

நாங்கள் திரும்பினோம். அவர் என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். வாய் மூடிவிட்டது. மைக் மட்டும் ‘கூய்ய்ய்ய்’ என்று கத்தியது. மண்டபமே காதைப் பொத்தியது. ஆட்டுக்கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பந்திக்குள் ஓடிவிட்டது.

நாங்களும் ஓடிவிட்டோம்.

நோட்டு யார் கையில் இருக்கிறது? யார் படிக்கிறார்கள்? எனக்கு வயிற்றை வலிக்கிறது. பிரியாணியும் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

நோட்டு கிடைத்துவிட்டது. பாருங்கள், இப்போது இதில்தான் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்து பச்சைப் பெட்டியைத் திறந்தேன். நடுவில் ஒரு கருப்பு மூட்டை. ஒயருக்குச் சுற்றும் கருப்பு டேப்பை நோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழு ரோல் சுற்றியிருந்தது. பிரிப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. கத்தரிக்கோல் ஒட்டிக்கொண்டது. மேலே பில் புத்தகத் தாள் ஒன்று.

“பெட்டியைத் தூக்கும்போது உள்ளே சத்தம் வந்தது. எலி என்று நினைத்து எடுத்தேன். முதல் பக்கம் மட்டும் படித்தேன். படிக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. மூடிவிட்டேன். அடுத்த பக்கம் பார்க்கவில்லை, சத்தியம். வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று டேப் சுற்றியுள்ளேன். மன்னிக்கவும். இப்படிக்கு, தவமணி சவுண்ட் சர்வீஸ். திருமணம், காதுகுத்து, கோயில் விழாக்களுக்கு அணுகவும்.”

கடைசி வரி அச்சடித்தது. அவர் எழுதியது அல்ல.

முதல் பக்கத்தை நான் மறுபடி படித்துப் பார்த்தேன். மீசை. வாய். ஓட்டை. ஐயோ. அதற்கு அடுத்த பக்கங்களையே படித்திருக்கலாம்.

ராத்திரி சாப்பிடும்போது அவர் மீசை ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்திருந்த மாதிரி இருந்தது. உதடு தெரிந்தது. நான் பல்லியைத் தேடினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மண்டபத்திலிருந்து பெட்டிகள் எல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டன. பாடாத பெட்டிக்குள் இருந்த டார்ச் மங்கிப்போயிருந்தது. இன்று பிரகாசமாக எரிகிறது. யாரோ புது செல் போட்டிருக்கிறார்கள். ஹாஸ்டலுக்கு எடுத்துப் போவதற்காக இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

இதை எழுதி முடிக்கும்வரை யாரும் வரக்கூடாது. கதவுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்திருக்கிறேன்.

இன்று மூன்றாவது பீரியட், சமூக அறிவியல். சுகந்தி மிஸ் பல்லவர்களைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிச் சுவருக்கு வெளியே, வேப்பமர நிழலில் ஆட்டோ வந்து நின்றது. டக், டக் என்று விரலால் மைக்கைத் தட்டும் சத்தம். “ஹலோ, ஹலோ, செக், ஒன், டூ.”

மும்தாஜ் என் தொடையைக் கிள்ளினாள்.

“பெற்றோர்களே! உங்கள் மகளைஐஐஐப் பற்றிக் கவலையா?”

மகளை என்பதை ஒரு பர்லாங் நீளத்துக்கு இழுத்தார். அந்தத் தாள். அதே தாள். “நல்விதை உறைவிடப் பள்ளியில் இன்றே சேர்த்திடுங்கள்! வாரம் இருமுறை கறிக்குழம்ம்ம்பு!” வகுப்பே சிரித்தது. சுகந்தி மிஸ்கூட ஒரு நொடி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

அது எனக்கானது இல்லை. ஊருக்கானது. தேனி மாவட்டத்தில் உள்ள எல்லா மகள்களுக்குமானது. நான் மும்தாஜைப் பார்த்தேன். மும்தாஜ் கூரையைப் பார்த்தாள்.

அறிவிப்பு முடிந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். அவர் மைக்கை அணைத்துவிட்டார்.

அணைக்கவில்லை. அணைத்ததாக நினைத்துக்கொண்டார்.

முதலில் டீ உறிஞ்சும் சத்தம் வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் உறிஞ்சினார். பல்லவர்கள் அதிர்ந்தார்கள். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ம்ம். அங்கயற்கண்ணி.”

வகுப்பில் ஐம்பத்திரண்டு தலை என் பக்கம் திரும்பியது.

“அங்கயற்கண்ணிம்மா. இல்ல, ரொம்ப நீளம், பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது எந்திரிச்சுப் போயிரும். கண்ணி. இல்ல, அது அவங்கம்மா கூப்புடுறது. பாப்பா... ச்சே, எட்டாப்பு படிக்கிற பிள்ளைய.”

மறுபடி டீ.

“ஏம்மா, சாப்ட்டியா? ...எதுக்கால உக்காந்து சாப்புடுறதப் பாத்துக்கிட்டே சாப்ட்டியான்னா கேப்ப? கூறுகெட்டவனே. சரி. பெட்டி நல்லாருக்காம்மா? எலி பொஸ்தகத்தத் திங்குதுன்னு வாங்குனேன். கலர் பிடிக்கலைன்னா மாத்திரலாம். பேரு மட்டும் அழிக்க வேணாம், உங்கப்பா எழுத்து முன்னால இருக்கு.”

சுகந்தி மிஸ் புத்தகத்தை மூடினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எந்தச் சத்தமும் இல்லை. எங்கள் தலைமையாசிரியை பத்து வருடமாகப் பிரம்பை வைத்து முயன்றும் வராத அமைதி.

“அப்புறம், எனக்கு வாய் இருக்கும்மா. மீசைக்குக் கீழதான் இருக்கு. மைக் இருந்துச்சுன்னா ஊருக்கே பேசுவேன். ஊருக்கு என்னையப் பிடிக்காட்டி அடுத்த தெருவுக்குப் போயிருவேன். நீ பிடிக்கலைன்னு சொல்லிட்டா, நான் எந்தத் தெருவுக்குப் போறது? அதான் வாய் ஒட்டிக்கிருது.”

அப்போது தூரத்திலிருந்து டீக்கடைக்காரர் ஓடிவரும் சத்தம் கேட்டது. அதுவும் ஸ்பீக்கரில்தான். “அண்ணே! மைக்கு! அண்ணே, மைக்கு ஓடுதுண்ணே!”

“எந்த மைக்கு?”

“ஒங்க மைக்குண்ணே!”

“ஐயோ.”

அந்த ஐயோவும் ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு நிஜமாகவே ‘டக்’.

சுகந்தி மிஸ் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்தது கைக்குட்டை இல்லை, டஸ்டர். முகமெல்லாம் சாக்பீஸ். யாரும் சிரிக்கவில்லை. மும்தாஜ்தான் மெதுவாகச் சொன்னாள்: “இது எந்த சீரியல்லயும் வரலையேடி.”

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மணி அடித்தும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பூக்கார அக்கா, “ஏ கண்ணி, வாய் இருக்காம்ல!” என்று கத்தினார். மாவு மில்லில், “பச்சைப் பெட்டியா, நீலப் பெட்டியாம்மா?” என்று கேட்டார்கள். லேபில் அம்மா ஒருவர் கையில் ஊசி குத்தப் போன நேரத்தில்தான் அது கேட்டதாம். அம்மா அப்படியே நின்றுவிட்டாளாம். குத்திக்கொள்ள வந்தவர், “நீங்க அழுது முடிங்க சிஸ்டர், நான் இருக்கேன்” என்றாராம்.

நான் வந்ததும் இந்த அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவரும் வந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைக் ஒயரை மொத்தமாகப் பிடுங்கி மடியில் வைத்திருந்தார்.

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சத்தம் போட்டாள். “நல்லாருக்கு! ஒண்ணு பெட்டிக்குப் பின்னால, ஒண்ணு ஆட்டோக்குள்ள! தோசை ஆறுது. நான் யாரையும் கூப்புட மாட்டேன். யாருகிட்டயும் எதையும் கேக்க மாட்டேன். டவாலி வேலைய ராஜினாமா பண்ணிட்டேன்!”

டமால் என்று அடுப்படிக் கதவு.

அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்கக்கூடாது. பாடாத பெட்டியின் ஓட்டைக்குள் முகத்தை வைத்து, கூப்பிட்டுப் பழகினேன். அங்கிள் என்றேன். பள்ளிக்கு ஊசி போட வரும் டாக்டரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. மாமா என்றேன். சீர் கொண்டு வருகிறவர் ஞாபகம் வந்தது, கூடவே ஆட்டுக்கிடாய். சார் என்றால் வீட்டுப்பாடம் கேட்பார். பிறகு அந்தப் பழக்கமில்லாத வார்த்தையைச் சொன்னேன். மிக மெதுவாகத்தான் சொன்னேன். காலிப் பெட்டி என்பதால் அது கும்மென்று பெரிதாகத் திரும்பி வந்தது. பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

டார்ச்சைப் பச்சைப் பெட்டி மேல் அடித்துப் பார்த்தேன். ‘கு’ அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் இன்னும் நிறைய இடமும் இருக்கிறது.

யாரோ நடந்து வருகிறார்கள். அம்மா நடை இல்லை, அம்மா கொலுசு போட்டிருப்பாள். அந்த நடை கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. மூச்சு கேட்கிறது. போய்விட்டது. திரும்பி வந்துவிட்டது.

கதவில் விரலால் தட்டும் சத்தம். டக், டக்.

“ஹலோ. ஹலோ. செக். ஒன், டூ.”

மைக் இல்லை. ஒயர் இல்லை. சின்னக் குரல். அவருடைய குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“...சட்னி வேணுமாம்மா?”

என்னிடம்தான் கேட்கிறார்! அடுப்படியைப் பார்த்து இல்லை, கிண்ணத்தைப் பார்த்து இல்லை, நேராக என்னிடம். நான் பெட்டியை நகர்த்த வேண்டும். நோட்டை ஒளிக்க நேரம் இல்லை. வேணும் என்று சொல்லப் போகிறேன். வேணும் என்று மட்டும் சொன்னால் மொட்டையாக இருக்கும், அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வர வேண்டும், அது